பயம் இருந்த இடம்

தென்காசிப் பக்கம் ஒரு சின்ன டவுனில் சங்கரபாகம் என்று ஒருவர் இருந்தார். லைன்மேனாக முப்பத்தோரு வருஷம் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர். காற்றும் மழையும் அடிக்கிற நாளில், இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு முப்பதடி உயரத்தில் நின்று அறுந்த கம்பியை இழுத்துக் கட்டியவர். அப்பேர்ப்பட்டவர் தன்னுடைய அறுபத்தெட்டாவது வயதில், வீட்டுக்குப் பின்னால் குழாயடியில், பாசி பிடித்த சிமெண்டுத் தரையில் வழுக்கி விழுந்தார்.

இடது தொடை எலும்பு முறிந்தது. முறியும்போது ஒரு சத்தம் வந்தது. பச்சைத் தென்னை மட்டையை முழங்காலில் வைத்து ஒடித்தால் வருமே, அந்த மாதிரி. பக்கத்தில் துணி அலசிக்கொண்டிருந்த அவருடைய மனைவி ஆவுடையம்மாளுக்கும் அது கேட்டது.

அந்தச் சத்தத்தோடுதான் பயம் அந்த வீட்டுக்குள் வந்தது. யாரும் அதைக் கூப்பிடவில்லை. வந்து எங்கே உட்கார்ந்தது என்று யாரும் கவனிக்கவும் இல்லை. ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி, ஆபரேஷன், தகடு, திருகாணி என்று எல்லோருக்கும் ஓட்டமாக இருந்தது.

முதல் மூன்று மாதம் பயம் நல்ல வேலைதான் செய்தது. காலைத் தரையில் ஊன்ற விடவில்லை. தூக்கத்தில் புரள விடவில்லை. எலும்புக்கே அதன்மேல் மரியாதை வந்துவிட்டது.

"நீ இல்லாவிட்டால் நான் இவ்வளவு சீக்கிரம் கூடியிருக்க மாட்டேன்," என்றது எலும்பு.

"அதற்குத்தானே வந்திருக்கிறேன்," என்றது பயம்.

மூன்றாம் மாத முடிவில் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "நல்லா சேந்துருச்சு பெரியவரே. இனிமே நடக்கணும். முதல்ல வாக்கரைப் பிடிச்சு நடங்க, அப்புறம் கம்பு. நடக்க நடக்கத்தான் காலுக்கு நல்லது," என்று சொல்லி அனுப்பினார்.

எலும்புக்குப் பெருமை தாங்கவில்லை. தொடைத் தசையைக் கூப்பிட்டு, "என் வேலை முடிந்தது. இனி உன் பொறுப்பு," என்றது.

"நான் தயாராக இருக்கிறேன். எப்போது கூப்பிடுவார்கள்?" என்று தசை கேட்டது.

"நாளைக்கே கூப்பிடுவார்கள்."

"நாளைக்கு வேண்டாம். இன்னும் ஒரு வாரம் போகட்டும்," என்றது பயம்.

எலும்பு திகைத்தது. "டாக்டர் சொன்னது உனக்குக் கேட்கவில்லையா?"

"டாக்டர் படத்தைத்தான் பார்த்தார். நான் சத்தத்தைக் கேட்டவன்," என்றது பயம்.

ஒரு வாரம் ஒரு மாதமாயிற்று. வாங்கி வந்த வாக்கர் கதவுக்குப் பின்னால் மடங்கி நின்றது. அதன்மேல் துண்டும் கைலியும் காய்ந்தன. சங்கரபாகம் காலையில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு வருவார். நாற்காலிக்கு எதிரே டிவி. சாப்பாடு நாற்காலிக்கு வரும், மாத்திரை வரும், வாய் கொப்பளிக்கக் கிண்ணம்கூட வரும். குளிக்கக்கூடக் குளியலறைக்குப் போகவேண்டியதில்லை. ஆவுடையம்மாள் வெந்நீர் கொண்டுவந்து, துண்டை நனைத்து உடம்பு துடைத்துவிடுவாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவளைப் பார்த்து அதிசயப்பட்டார்கள். புருஷனை இப்படி உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறாளே என்றார்கள்.

தசை மட்டும் உள்ளே குரல் கொடுத்துக்கொண்டிருந்தது. "யாராவது என்னைக் கூப்பிடுங்கள். நிற்கச் சொல்லுங்கள். ஒரு படி ஏறச் சொல்லுங்கள்."

"பொறு," என்றது எலும்பு.

"பொறுத்துப் பொறுத்து நான் கரைகிறேன். வேலை செய்யாதவனுக்கு எதற்குச் சாப்பாடு என்று இந்த உடம்பு என் பங்கைக் குறைத்துக்கொண்டே வருகிறது. உனக்குத் தெரியவில்லையா?"

எலும்புக்கு அது தெரியவில்லை. முன்பைவிடத் தோல் தன்னை நெருங்கி வந்திருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

ஒருநாள் காலை பேப்பர் போடுகிறவர் வீசிய பேப்பர் வாசல் ஓரமாகப் போய் விழுந்தது. சங்கரபாகம் நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு இரண்டு எட்டு வைத்தார். தசைக்குத் தீபாவளி மாதிரி இருந்தது. மூன்றாவது எட்டு வைப்பதற்குள் அடுக்களையிலிருந்து ஒரு அலறல்.

"ஏங்க! எந்திரிக்காதீங்க! உக்காருங்க!"

ஆவுடையம்மாள் கையில் மாவோடு ஓடிவந்து அவர் முழங்கையைப் பிடித்தாள். 

"ஏளா, பேப்பர்தானே, எடுத்துட்டு வந்துரலாம்னு பாத்தேன்," என்றார் அவர்.

"நான் எதுக்கு இருக்கேன்? என்ன வேணும்னாலும் என்னையக் கூப்பிடுங்க. இன்னொரு தடவை விழுந்தா என்னால தாங்க முடியாதுங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து ஆவுடையம்மாள் வாசல் கதவின் மேல் தாழ்ப்பாளைப் பகலிலும் போட்டு வைத்தாள்.

எட்டு மாதம் ஆனபிறகும் அப்பா நடக்கவில்லை என்று தெரிந்து, திருப்பூரிலிருந்த மகள் போன் மேல் போன் போட்டு, ஹமீதா என்ற பிசியோதெரபிஸ்டை வீட்டுக்கு வர ஏற்பாடு செய்தாள். ஹமீதாவுக்கு நாற்பது வயதிருக்கும். டவுனில் பல வீடுகளுக்குப் போய் வருகிறவள். ஒரு கறுப்புப் பையோடு வந்தாள். பைக்குள் மூன்று பேர் இருந்தார்கள். இஞ்சு டேப், ஸ்டாப் வாட்ச், கேள்வித்தாள்.

முதலில் இஞ்சு டேப் வெளியே வந்தது. வலது தொடையைச் சுற்றி வந்தது. அப்புறம் இடது தொடையைச் சுற்றியது. சுற்றிவிட்டு, "இருங்கள், தப்பாகச் சுற்றிவிட்டேன் போலிருக்கிறது," என்று இன்னொரு தடவை சுற்றியது.

தப்பு இல்லை. இடது தொடை இரண்டரை இஞ்சு குறைவாக இருந்தது.

ஹமீதா டேப்பைச் சுருட்டினாள். "ஐயா, எலும்பு கூடி அஞ்சு மாசம் ஆச்சேய்யா. இந்தக் காலை வச்சு நீங்க ஒண்ணுமே செய்யலையா?"

சங்கரபாகம் லேசாகச் சிரித்தார்.

அடுத்தது ஸ்டாப் வாட்ச்சின் முறை. நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். பன்னிரண்டு, பதினைந்து வினாடிக்குள் முடிகிற காரியம். சங்கரபாகம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு போய்வர நாற்பத்துநாலு வினாடி ஆயிற்று. அவ்வளவு நேரமும் ஆவுடையம்மாள் நிலைக்கதவைப் பிடித்தபடி மூச்சு விடாமல் நின்றாள்.

கடைசியாகக் கேள்வித்தாள் வந்தது. அது பைக்குள் மற்ற இரண்டையும்விடத் தன்னைப் பெரிதாக நினைத்துக்கொள்வது. "நீங்கள் இருவரும் வெளியே இருப்பதை அளக்கிறீர்கள். உள்ளே ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்கிறவன் நான்," என்று சொல்லும். அதில் பதினேழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து நாலு வரை மதிப்பெண். கூட்டினால் பதினேழு வந்தால் பயமே இல்லை. அறுபத்தெட்டு வந்தால் பயம் ஆளை முழுதாகப் பிடித்திருக்கிறது.

ஹமீதா வாசித்தாள். "நடந்தா மறுபடியும் அடிபட்டுருமோன்னு எனக்குப் பயமா இருக்கு. இருக்காய்யா?"

"அதெல்லாம் இல்லம்மா."

"அசையாம இருக்கிறதுதான் பாதுகாப்புன்னு நெனைக்கேன்."

"ச்சே. கம்பத்துல ஏறுனவன்மா நான்."

"வலி வந்தா, உள்ள ஏதோ கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்."

"வலிக்கத்தான் செய்யும். அதுக்கென்ன பண்ண?"

பதினேழு கேள்வியும் முடிந்தது. கூட்டினால் இருபத்தொன்று.

கேள்வித்தாள் குழம்பிப்போனது. "இந்த மனிதருக்குள் பயம் இல்லையே," என்றது.

"பயம் இல்லாமலா இந்தக் கால் இப்படி ஆகியிருக்கும்? இரண்டரை இஞ்சு போயிருக்கிறது. எங்கே போயிற்று?" என்று டேப் கேட்டது.

"எனக்கெப்படித் தெரியும்? கேட்டேன், சொன்னார், குறித்தேன்."

"பொய் சொல்லியிருப்பார்."

"இல்லை. பொய் சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். ஒன்றுதான் புரியவில்லை. ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் அவர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்."

அதை மனிதர்களிடம் சொல்ல அதற்கு வாய் இல்லை. ஹமீதா தாளின் அடியில், "பயம் குறைவு. முயற்சி போதாது" என்று எழுதினாள். நாற்காலியிலிருந்து காலையில் பத்து தடவையும் மாலையில் பத்து தடவையும் எழுந்து உட்காரவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். "நீங்கதான்மா பக்கத்துல இருந்து செய்ய வைக்கணும்," என்று ஆவுடையம்மாளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள்.

"சரிம்மா," என்றாள் ஆவுடையம்மாள்.

மறுநாள் சங்கரபாகம் எழுந்தார், உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். மூன்றாவது தடவை கால் லேசாக ஆடியது. அவ்வளவுதான். ஆவுடையம்மாள் அவர் தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைத்துவிட்டாள். "போதும். அந்தம்மா வரும்போது செஞ்சுக்கிடலாம்," என்றாள்.

ஹமீதா வாரத்துக்கு ஒருமுறை வந்தாள். வந்தபோதெல்லாம் அவர் செய்தார். ஹமீதா போனதும் நாற்காலி அவரை வாங்கிக்கொண்டது.

பத்தாவது மாதம். ஒரு வியாழக்கிழமை, காலை பதினோரு மணி.

ஆவுடையம்மாள் அவருக்கு உடம்பு துடைக்க வெந்நீர் வைத்தாள். கொதித்த தண்ணீரைக் குண்டானோடு இறக்கி, பழைய துணியால் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். முந்தின இரவெல்லாம் அவர் புரளும் சத்தம் கேட்கிறதா என்று விழித்துக் கிடந்தவள். அடுக்களை வாசலைத் தாண்டும்போது சேலைக் கரை காலில் மாட்டியது.

குண்டான் முன்னால் விழுந்தது. கொதிநீர் கால்மேல் கொட்ட, அவளும் விழுந்தாள்.

சங்கரபாகம் அந்தக் குரலை அதற்கு முன் கேட்டதே இல்லை. நாற்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்த பெண்ணின் குரல் என்று அவரால் நம்ப முடியவில்லை. அவள் இரண்டு காலும் முழங்கால் வரை ஆவிக்குள் இருந்தன. நாற்காலியிலிருந்து ஏழெட்டு எட்டு வைக்கிற தூரம்தான்.

"ஆவுடே!" என்று கத்திக்கொண்டு அவர் நாற்காலிக் கையை ஊன்றி எழும்பினார்.

அப்போது அவள் தலையைத் தூக்கினாள். தூக்கி, அவரைப் பார்த்து, இருக்கிற உயிரையெல்லாம் ஒன்றாகத் திரட்டிச் சொன்னாள்.

"எந்திரிக்காதீங்க! தண்ணி கெடக்கு! வழுக்கிரும்! எந்திரிக்காதீங்க!"

சங்கரபாகம் அப்படியே நின்றார். பிறகு, நம்பமாட்டீர்கள், உட்கார்ந்துவிட்டார்.

பத்து மாதப் பழக்கம். அந்தக் குரல் சொன்னால் அந்த உடம்பு உட்காரும்.

உட்கார்ந்த பிறகுதான் தான் செய்தது அவருக்கு உறைத்தது. எலும்பு உள்ளே கிடந்து கதறியது. "எழுந்திருங்கள்! நான் தாங்குவேன்! எழுந்திருங்கள்!"

பயமும் அப்போதுதான் முதல்முறையாகக் கண்ணில் பட்டது. அது அவருக்குள் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. அதோ, தரையில் வெந்துகொண்டிருக்கிறாளே, அவளுக்குள் இருந்தது. அவள் கால் வெந்துகொண்டிருக்க, அவள் வாயில் உட்கார்ந்து அது அவரைத் தடுத்துக்கொண்டிருந்தது.

சங்கரபாகம் மறுபடி எழுந்தார். இந்தத் தடவை அவள் சொன்னதைக் கேட்கவில்லை. ஆனால் தசை இல்லை.

"கூப்பிடுங்கள் என்று இவ்வளவு நாள் நான் கெஞ்சினேன். இப்போது நீங்கள் கூப்பிடுகிறீர்கள். என்னால் வர முடியவில்லையே," என்று அது அழுதது.

இரண்டாவது எட்டில் முழங்கால் மடங்கியது. அவர் தரையில் விழுந்தார். விழுந்தவர் நிற்கவில்லை, கையை ஊன்றி, இடது காலை இழுத்துக்கொண்டு, சூடான தண்ணீரின் மேலேயே தவழ்ந்தார். "வராதீங்க, வராதீங்க," என்று அவள் முனகிக்கொண்டே இருந்தாள். அடுக்களை ஓரத்தில் இருந்த குடத்தைச் சாய்த்து அவள் கால்மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றினார். தோல் நீரோடு வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினார்.

போன் டிவி மேசைமேல் இருந்தது. தரையில் இருந்தவருக்கு எட்டவில்லை. சார்ஜர் ஒயரைப் பிடித்து இழுத்துக் கீழே விழவைத்து, நூற்றெட்டுக்குப் பேசினார்.

பதினைந்து நிமிஷத்தில் வண்டி வந்துவிட்டது. வாசலில் ஆட்கள் கதவைத் தட்டினார்கள். "ஐயா, கதவைத் திறங்க!"

கதவில் மேல் தாழ்ப்பாள் போட்டிருந்தது.

சங்கரபாகம் தவழ்ந்து கதவடிக்குப் போனார். நிலையைப் பிடித்து முழங்காலில் எழும்பினார். தாழ்ப்பாள் ஒரு கை உயரத்துக்கு மேலே இருந்தது. எழுந்து நின்றால் எட்டிவிடும். நிற்க முடியவில்லை. மூன்று தடவை எழும்பினார், மூன்று தடவையும் கால் மடங்கியது. முப்பதடி ஏறியவர், ஆறரையடியில் இருந்த ஒரு இரும்புத் துண்டைப் பார்த்துக்கொண்டு கதவில் தலையை முட்டி அழுதார்.

"ஒடைங்கய்யா! ஒடைச்சிருங்க!" என்று கத்தினார்.

உடைத்துத்தான் வந்தார்கள்.

ஆவுடையம்மாள் பிழைத்தாள். கால் இரண்டிலும் தோல் போயிருந்தது. தொடையிலிருந்து எடுத்து ஒட்டினார்கள். மகள் ஓடிவந்து கூட இருந்து பார்த்துக்கொண்டாள். சங்கரபாகத்தைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தினமும் கூட்டிவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் விடுவாள்.

பன்னிரண்டாம் நாள் ஹமீதா பார்க்க வந்தாள். ஆவுடையம்மாள் கண்ணயர்ந்திருந்தாள். சங்கரபாகம் நடந்ததையெல்லாம் மெதுவாகச் சொன்னார்.

"கீழ கெடந்து வெந்துக்கிட்டு இருக்கா. அப்பவும் என்னையப் பாத்து எந்திரிக்காதீங்கன்னுதாம்மா சொல்லுதா. நானும் உக்காந்துட்டேன். உக்காந்துட்டேம்மா."

 "உங்களுக்குப் பயம் இல்லைன்னு சொன்னீங்களேய்யா," என்று ஹமீதா கேட்டாள்.

"எனக்கு ஏது? அவ முகத்தப் பாத்தா எந்திரிக்க மனசு வராது. எந்திரிச்சா அவ செத்துப்போறாப்ல துடிக்கா. சரி, இவளுக்காக இருந்துட்டுப் போவோம்னு இருந்துட்டேன்."

"பதினாறு வருஷமா வீடு வீடாப் போய் இந்தக் கேள்வியக் கேக்கேன். ஒரு தடவைகூட பக்கத்துல நிக்கிறவங்களைக் கேட்டதில்லையேய்யா," என்றாள் ஹமீதா. 

ஆவுடையம்மாள் கண் விழித்ததும், ஹமீதா பையைத் திறந்து புதிதாக ஒரு கேள்வித்தாளை எடுத்தாள். "அம்மா, அன்னிக்கு ஐயாகிட்ட கேட்டதுதான். 'நான்'ங்கிற இடத்துல 'அவர்'னு மாத்தி வாசிக்கேன். மனசுல உள்ளதை மட்டும் சொல்லுங்க."

அவள் வாசித்தாள். "நடந்தா அவருக்கு மறுபடியும் அடிபட்டுரும்னு எனக்குப் பயமா இருக்கு."

"ஆமா."

"அவர் அசையாம இருக்கிறதுதான் பாதுகாப்பு."

"ஆமாம்மா. இருந்த எடத்துல இருந்துட்டா ஒண்ணும் ஆகாதுல்ல?"

"அவருக்கு வலிச்சா, உள்ள திரும்பவும் ஒடைஞ்சிருச்சுன்னு தோணுது."

"அவர் லேசா முகத்தச் சுளிச்சாக்கூட எனக்கு அந்தச் சத்தம் கேக்கும். டக்குனு. இப்பவும் கேக்குது."

கேள்வித்தாள் நடுங்க ஆரம்பித்தது. நாலு, நாலு, நாலு என்று அதன்மேல் விழுந்துகொண்டே இருந்தது. ஹமீதா கூட்டினாள். நம்பாமல் இன்னொரு தடவை கூட்டினாள். அறுபத்தைந்து.

"நீ இங்கேயா இருந்தாய்?" என்று கேள்வித்தாள் கேட்டது.

"வந்த நாளிலிருந்து இங்கேதான் இருக்கிறேன்," என்றது பயம்.

"அன்றைக்கு உன்னைத் தேடித்தானே அந்த வீட்டுக்கு வந்தேன்."

"வந்தாய். கதவைப் பிடித்துக்கொண்டு உனக்கு நேரே நின்றேன். நீ என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை." பயத்தின் குரலில் கர்வம் இல்லை. களைப்பு இருந்தது. "நான் கெடுதல் நினைத்து வரவில்லை. எலும்பு முறிந்தபோது அவருக்கு வலி கிடைத்தது. இவளுக்குச் சத்தம் கிடைத்தது. வலியை ஆற்ற எத்தனை பேர் வந்தார்கள்! சத்தத்தைப் பற்றி யாராவது இவளிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? நான்தான் கூட இருந்தேன்."

 கேள்வித்தாளில் இருந்த பதினேழு கேள்வியும் முடிந்துவிட்டன.

ஹமீதா தாளை மடித்தாள். பிறகு அதில் இல்லாத ஒன்றைக் கேட்டாள். "அம்மா, அன்னிக்கு வெந்நீர் கொட்டுச்சே, அப்ப எப்படி இருந்துச்சு? ரொம்ப எரிஞ்சிருக்குமே?"

ஆவுடையம்மாள் யோசித்தாள்.

"எரிஞ்சதாம்மா? ஞாபகம் இல்லையே," என்றாள். "அவர் எந்திரிச்சிருவாரோன்னுதான் இருந்துச்சு."

சங்கரபாகம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஹமீதா அந்த வார்டுக்கே தினமும் வந்தாள். வார்டில் கிடந்த பெஞ்சில் அவரை உட்கார வைத்து எழுந்திருக்கச் சொன்னாள். எண்ணுகிற வேலையை ஆவுடையம்மாளிடம் கொடுத்தாள். "பிடிக்கக் கூடாது, கத்தக் கூடாது. எண்ணணும். அவ்வளவுதான்," என்றாள்.

முதல்நாள் மூன்று வரை எண்ணிவிட்டு ஆவுடையம்மாள் "போதும்" என்று அலறினாள். வார்டே திரும்பிப் பார்த்தது. மறுநாள் நாலு வரை எண்ணினாள். அதற்கடுத்த நாள் கண்ணை மூடிக்கொண்டு எண்ணினாள். ஹமீதா கண்ணைத் திறக்கச் சொன்னாள். பத்து வரை எண்ண அவளுக்குப் பதினெட்டு நாள் ஆயிற்று. தசைக்குச் சாப்பாடு திரும்ப வர ஆரம்பித்தது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. போனது எல்லாம் திரும்பாது என்று டேப் சொன்னது. அது பொய் சொல்லத் தெரியாதது.

ஆறாவது வாரத்தில் ஒருநாள் பிற்பகல். மகள் மருந்து வாங்கப் போயிருந்தாள். ஹமீதா இன்னும் வரவில்லை.

"தண்ணி தாகமா இருக்கு," என்றாள் ஆவுடையம்மாள். மகள் பக்கத்தில் இருக்கிறாள் என்ற நினைப்பில் சொல்லிவிட்டாள்.

சங்கரபாகம் கம்பை எடுத்தார். எழுந்தார்.

வார்டின் கோடியில் தண்ணீர்க் கேன் இருந்தது. பதினைந்து எட்டு இருக்கும். ஒரு கையில் கம்பும் ஒரு கையில் டம்ளருமாக அவர் போனார். பிடித்தார். திரும்பினார். இடது கால் ஊன்றும்போதெல்லாம் டம்ளர் ஆடியது. தண்ணீர் சிந்தியது. சிந்தியது அவர் கால் வைக்கிற இடத்துக்கு நேர் முன்னால் விழுந்தது.

"பார்த்தாயா? தரையில் தண்ணீர். சொல். இப்போதே சொல்," என்று பயம் அவள் தொண்டைக்கு ஏறி வந்தது.

ஆவுடையம்மாள் சேலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். கண்ணிலிருந்து நீர் கொட்டியது. கண்ணை மூடவில்லை. ஒவ்வொரு எட்டையும் பார்த்தாள்.

அவர் ஈரத்தைப் பார்த்தார். கம்பைத் தள்ளி ஊன்றினார். சுற்றி வந்தார். கட்டிலுக்கு வந்து சேர்ந்து டம்ளரை நீட்டினார். அவர் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

அவள் தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள். டம்ளரில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. குடித்தாள்.

"இன்னுங் கொஞ்சம் வேணுமா?" என்று அவர் கேட்டார்.

தரையில் கிடந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டே, ஆவுடையம்மாள் வெறும் டம்ளரை அவரிடம் நீட்டினாள்.

"ஆமா. எடுத்துட்டு வாங்க," என்றாள்.